மெடிக்கல் ஸ்டூடன்ட்டா நீங்க? ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் கேட்க 5 பாட்காஸ்ட்கள்!

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிட்டாங்கன்னா அவ்வளவுதான். மின்சார ரயில் ஒன்று கடக்கும். அது போன பிறகு சரக்கு ரயில் ஊர்ந்து வரும். ஷேர் ஆட்டோவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு போனை எடுத்து ரீல்ஸுக்குள் போய்விடுவார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கும் இதே நிலைமைதான். ஆனால், அந்த நேரத்தில் நல்ல பாட்காஸ்ட் ஒன்று காதில் ஓடினால், வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு கேஸைப் பற்றி யோசித்து முடித்திருக்கலாம்.

புத்தகம் இருக்கும்போது பாட்காஸ்ட் எதற்கு?

பாடப் புத்தகம் நோயின் பெயரில் தொடங்கி அறிகுறிகளைச் சொல்லும். நோயாளி அப்படி வருவதில்லை. "நாலு நாளா காய்ச்சல் டாக்டர், உடம்பெல்லாம் வலி" என்றுதான் வருவார். அதிலிருந்து டெங்குவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா என்று ஒவ்வொன்றாக யோசித்து, கேள்வி கேட்டு, கழித்துக்கொண்டே வர வேண்டும். இதைத்தான் 'கிளினிக்கல் ரீசனிங்' என்கிறார்கள்.

சீனியர் டாக்டர்கள் இதை மனதுக்குள்ளேயே செய்துவிடுவார்கள். ஓபி கூட்டத்தில் நின்று விளக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. நல்ல மருத்துவ பாட்காஸ்ட், அந்த யோசனையைச் சத்தமாகச் சொல்லிக் காட்டுகிறது.

இன்னொரு காரணம், மொழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் தமிழ்நாட்டில் வந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்களை முதல் வருடத்தில் பாடத்தைவிட இங்கிலீஷ்தான் அதிகம் மிரட்டும். ஒரு மருத்துவச் சொல்லை எப்படி உச்சரிப்பது, பேராசிரியர் முன்னால் கேஸை எந்த வரிசையில் சொல்வது என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டிய விஷயம்.

எதைக் கேட்கலாம்?

1. திஸ் பாட்காஸ்ட் வில் கில் யூ: எரின் வெல்ஷ், எரின் ஆல்மன் அப்டைக் என்ற இரண்டு தோழிகள் 2017-ல் தொடங்கியது. பிளேக், மலேரியா, தொழுநோய் என எபிசோடுக்கு ஒரு நோய். அது உடலில் என்ன செய்கிறது, வரலாறு என்ன, இன்றைய நிலை என்ன என்று கதையாகப் போகும். இரண்டாம் வருடத்தில் மைக்ரோபயாலஜி படிப்பவர்களுக்கு செட் ஆகும்.

2. சர்ஜரி 101: கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. மாணவர்களுக்காகவே செய்யப்பட்ட சின்னச் சின்ன எபிசோடுகள். சர்ஜரி போஸ்டிங் தொடங்குவதற்கு முந்தைய நாள் கேட்கலாம்.

3. கிளினிக்கல் ப்ராப்ளம் சால்வர்ஸ்: ஒரு டாக்டருக்கு நோயாளியின் விவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்கள். விடை அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தகவல் வரும்போதும் என்ன நினைக்கிறார், ஏன் மனதை மாற்றுகிறார் என்று வாய்விட்டுச் சொல்வார். ஐந்தில் ஒன்றுதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால், இதைக் கேளுங்கள்.

4. கோர் ஐஎம்: இதன் 'ஃபைவ் பேர்ல்ஸ்' பகுதியில் முதலில் ஐந்து கேள்விகள் வரும். பாஸ் செய்துவிட்டுப் பதிலை நீங்களே சொல்லிப் பாருங்கள். பிறகு விளக்கம் கேளுங்கள்.

5. தி கர்ப்சைடர்ஸ்: பொது மருத்துவத் தலைப்புகளில் நிபுணர்களிடம் எடுக்கும் பேட்டிகள். நீளம் அதிகம், ஜோக்கும் உண்டு. இறுதியாண்டு மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஏற்றது.

அப்படியே நம்பிடலாமா?

கூடாது. இந்த ஐந்துமே அமெரிக்கா, கனடாவில் இருந்து வருபவை. அங்கே காய்ச்சலோடு தோலில் ஒரு தடம் என்றால் உண்ணி கடித்து வரும் லைம் நோய் பேச்சில் வரும். தமிழ்நாட்டிலோ ஸ்க்ரப் டைபஸை நினைக்க வேண்டும். கறுத்துப்போன பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று உடல் முழுவதும் தேட வேண்டும்.

மருந்துப் பெயரும் மாறும். அவர்கள் 'அசிட்டமினோஃபென்' என்றால் நம்ம பாராசிட்டமால். 'ஆல்ப்யூட்டரால்' என்றால் சால்ப்யூட்டமால். 'எபிநெஃப்ரின்' என்றால் அட்ரினலின்.

சிகிச்சையே மாறும் இடங்களும் உண்டு. சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள் என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். அடுத்த 4 மாதங்களுக்கு அமெரிக்காவில் வழக்கமாக ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டு மட்டும். இந்தியாவின் தேசியத் திட்டத்தில் எத்தாம்பூட்டாலும் சேர்ந்து மூன்று. பாட்காஸ்டில் கேட்டதைத் தேர்வில் எழுதினால் மார்க் போகும். வார்டில் எழுதினால் அது ஒரு நோயாளியின் விஷயம். அதனால் யோசிக்கும் முறையை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். மருந்து, டோஸ் இரண்டையும் இந்திய வழிகாட்டுதலில் சரிபாருங்கள்.

கேட்பது எப்படி?

* எல்லாமே இலவசம். வைஃபை இருக்கும் இடத்தில் டவுன்லோடு செய்துகொண்டால் டேட்டா மிச்சம்.

* அமெரிக்க உச்சரிப்பு பழகும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். நண்பர் 1.5 மடங்கு வேகத்தில் கேட்கிறார் என்பதற்காக நீங்களும் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. புரியவில்லையா? 0.8-ல் வையுங்கள்.

* அன்று வார்டில் பார்த்த நோயைப் பற்றிய எபிசோடை அன்றே கேளுங்கள். அந்த நோயாளியின் முகத்தோடு சேர்ந்து மனதில் நிற்கும்.

* முடிந்ததும் மூன்று வரி எழுதிவைங்கள். எழுத எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், பின்னணியில் ரேடியோ ஓடியது போலத்தான்.

* நீட் பிஜி-க்கு இது மாற்று அல்ல. அதற்குக் கேள்விகளைப் போட்டுப் பழகியே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்வரைதான் பாட்காஸ்ட். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். ரயில் ஹாரனைவிட முக்கியமான எபிசோடு எதுவும் இதுவரை வரவில்லை.