உழவு இயந்திரப் பெட்டியில் சூரிய விளக்கு: பழுதறியும் முறை

வன்னியிற் காலபோக நெல் கதிர்விடத் தொடங்கியதும் இராக்காவலும் தொடங்கிவிடும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய குளங்களை அண்டிய வயல்களுட் பல காட்டோரமாகக் கிடப்பவை. யானை ஒரே இரவில் ஒரு போகத்தின் உழைப்பை மிதித்துவிடும். பன்றி வரம்போரம் புகுந்து கிளறிவிடும். ஆகையால் லான்ட்மாஸ்ரர் என வழங்கும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியிற் பாயும் உணவும் ஏற்றிக்கொண்டு கமக்காரர் வயலிலேயே தங்க நேரிடுகிறது. அப்பெட்டியின் கூரைமேல் ஒரு சிறு சூரியத்தகடு, மூலையில் ஒரு 12 வோல்ற்றுப் பற்றரி, இரண்டொரு விளக்கு ஆகியவை இருப்பின் இரவு கழிந்துவிடும். பகலிற் பற்றரித் தெளிகருவிக்கும் கைபேசிக்கும் அதுவே மின்னூட்டும். ஆயின், நள்ளிரவில் யானையின் மூச்சு கேட்கும் வேளையில் விளக்கு மங்குமாயின் அமைப்பு இருந்தும் பயனில்லை.

மின்கம்பி வராத இடத்தில் வெளிச்சம் உண்டாக்குவது இப்பகுதி மக்களுக்குப் புதிய வித்தையன்று. 1990களில் மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடும் டோர்ச் பற்றரிக்குத் தடையும் இருந்த காலத்திற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரொன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது அரிக்கன் லாம்பும் செலவுமிக்க பொருளாயிற்று. சூரியத்தகட்டுக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. ஆனாற் பற்றரி கெட்டுவிட்டால் அதுவரை மிச்சம்பிடித்த பணம் முழுவதும் ஒரே நாளிற் போய்விடும்.

விளக்கு மங்கியதும் பற்றரி செத்துவிட்டதென முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். புதியதும் அடுத்த போகத்துக்குள் இறந்துவிடும். ஏனெனில், முந்தியதைக் கொன்ற காரணம் பெட்டியிலேயே இருக்கிறது. அக்காரணம் பெரும்பாலும் தளர்ந்த திருகாணி, களிம்பேறிய பொருத்து, மெல்லிய வயர் என்னும் அற்ப விடயமாகவே இருக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன் அளந்து பார்த்தல் வேண்டும். இதற்கு மல்ரிமீற்றர் ஒன்று போதும். அதன் விலை பற்றரியின் விலையிற் சிறு பங்கேயாகும்.

தகட்டிலிருந்து தொடங்குக

வெயில் ஏறிய வேளையில், முதலிற் சாக்கொன்றினாற் தகட்டை மூடிக்கொண்டு, கட்டுப்படுத்தியிலிருந்து தகட்டு வயர்கள் இரண்டையும் கழற்றுதல் வேண்டும். பின்னர்ச் சாக்கை நீக்கி அவ்வயர் நுனிகளை அளக்கவேண்டும். 12 வோல்ற்று அமைப்புக்கென விற்கப்படும் 36 கலத் தகடாயின் 20 முதல் 22 வோல்ற்று வரை காட்டும். அவ்வாறு காட்டினாற் தகடும் வயரும் அறுபடவில்லை எனலாம். ஒன்றும் காட்டாவிடின் தகட்டின் பின்புறமுள்ள சிறு பெட்டியைத் திறந்து நோக்குக. கிரவல் வீதியிற் குலுங்கிக் குலுங்கி அங்குள்ள முனைகள் விடுபட்டிருத்தல் சாதாரணம். எறும்பு கூடுகட்டியிருத்தலும் உண்டு.

வோல்ற்று சரியாயிருந்தும் மின்னேற்றம் குறைவாயின் நிழலே காரணமாகலாம். இவ்விடத்திற் கமக்காரர் வழமையாகச் செய்யும் காரியமொன்று தகட்டுக்குப் பகையாகின்றது. நண்பகலில் இயந்திரத்தை மருத மரத்தின் கீழோ பனைநிழலிலோ நிறுத்துவர். ஆளுக்கும் இயந்திரத்துக்கும் அது குளிர்ச்சி, தகட்டுக்கோ அது பட்டினி. தகட்டின் கலங்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருப்பதால் ஒரு கலத்தை மட்டும் நிழல் மூடினாலும் பாதிக்கு மேற்பட்ட மின் இழக்கப்படலாம். ஓர் ஓலையின் நிழல் அதற்குப் போதும். தூசியை வாரமொருமுறை அதிகாலையில் நீர்விட்டுக் கழுவுதல் நன்று. கொதித்த கண்ணாடிமேற் குளிர்நீர் ஊற்றலாகாது. வன்னி வட அகலக்கோடு 9 பாகைக்கு அண்மையிற் கிடப்பதால் கூரைமேற் தகட்டைச் சமமாகக் கிடத்தினும் இழப்பு அதிகமில்லை. தெற்கு நோக்கி ஏறக்குறைய 10 பாகை சரித்து வைத்தால் மழைநீரும் தூசியும் வழிந்தோடும்.

வயரே பெரும் கள்வன்

தகடு நன்று, பற்றரியும் புதிது, விளக்கு மட்டும் மங்கல் என்னும் முறைப்பாட்டுக்கு விடை வயரிலேயே கிடைக்கும். 12 வோல்ற்று அமைப்பில் அரை வோல்ற்று இழப்பும் பெரிய இழப்பாகும். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் 4 மீற்றர் தூரம் போய்த் திரும்புகையில் 5 அம்பியர் ஓட்டத்துக்கு ஏறக்குறைய அரை வோல்ற்றை விழுங்கிவிடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயரிடின் இழப்பு 0.2 வோல்ற்றுக்கும் குறைவு. கட்டுப்படுத்திக்கும் பற்றரிக்கும் இடையே இவ்விழப்பு நேருமாயிற் பற்றரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது. கட்டுப்படுத்தியோ நிரம்பிவிட்டதென எண்ணி ஓட்டத்தைக் குறைத்துவிடும். அரைவயிற்றுடன் கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் வெண்படிவு இறுகி, சில மாதங்களில் அது பயனற்றுப்போகும்.

சோதிக்கும் விதம் எளிது. விளக்கை எரியவிட்டுப் பற்றரியின் முனைகளிலும், பின் விளக்கின் முனைகளிலும் அளக்கவேண்டும். இரண்டுக்குமிடையில் அரை வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு காணின் இடையிலுள்ள பொருத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்குக. சூடாயிருக்கும் பொருத்தே பழுதுள்ள பொருத்து. முறுக்கி நாடா சுற்றிய இணைப்புக்கள் குலுக்கத்தையும் மாரி மழையையும் தாங்கா. செப்பின்மேற் பச்சைக் களிம்பு படிந்தால் தடை கூடும். அதனைச் சுரண்டிவிட்டு உரிய முனையை நெரித்துப் பொருத்தவேண்டும். சிலர் மறை முனை வயரை மிச்சம்பிடிக்கப் பெட்டியின் இரும்பையே மின் திரும்பும் வழியாக்குவர். துருவும், ஆடும் இணைப்புக்களும் உள்ள பெட்டியில் அது நெடுநாள் நிலைக்காது. விளக்கு ஓடும்போது மட்டும் மினுங்குமாயின் இதனை முதலிற் சந்தேகிக்கலாம்.

பியூஸ் இல்லாத அமைப்பு விளக்கு எரிந்தாலும் பழுதுள்ள அமைப்பே. பெட்டியில் வைக்கோலும் சாக்கும் இருக்கின்றன. எலி கடித்த வயர் இரும்பிற் பட்டாற் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே கணத்தில் வெளியேற்றும். அறுவடை நெல் ஏற்றிய பெட்டியில் அத்தீ பிடித்தால் அணைக்க வயலில் வழியேது? ஆகவே பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருத்தல் வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 15 அம்பியர் போதும். எரிந்த பியூசுக்குப் பதிலாகச் செப்புக்கம்பி சுற்றுவது ஒருபோதும் கூடாது.

பற்றரியை மதித்தல்

ஈயப் பற்றரியை மின்னேற்றமும் விளக்குமின்றிச் சில மணி நேரம் ஓயவிட்டு அளக்கவேண்டும். 12.7 வோல்ற்று நிறைவு, 12.2 ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழிறங்கினால் உடனே மின்னேற்றல் அவசியம். நன்கு வெயில் எறித்த நாள் மாலையில் 14 வோல்ற்றுக்கு மேல் ஏறி, விளக்கிட்ட சிறிது நேரத்திலேயே 11.5க்கு வீழ்ந்துவிடும் பற்றரி மெய்யாகவே முடிந்தது. அப்போதுதான் புதியது வாங்கவேண்டும். இலிதியம் பற்றரிக்கு இவ்வளவுகள் பொருந்தா.

பட்டா லொறியிலோ நான்கு சக்கர உழவு இயந்திரத்திலோ உள்ள ஸ்ராட் பற்றரியால் இரவு முழுவதும் விளக்கெரித்தல் தவறு. அதன் மெல்லிய தகடுகள் கணநேரப் பேரோட்டத்துக்கு அமைந்தவை. அடிக்கடி வறளவிடின் விரைவிற் கெடும். விடியலிற் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய லொறி ஸ்ராட் ஆகாமல் நிற்கும். நீர் ஊற்றும் வகைப் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரே உரியது. கிணற்று நீரிற் கரைந்துள்ள உப்பும் சுண்ணமும் தகடுகளைக் கெடுக்கும். முனைகளில் வெண்பூ பூத்தால் அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, உலர்த்தி, கிறீஸ் பூசுக. மின்னேறும் பற்றரியிலிருந்து எளிதிற் தீப்பற்றும் வாயு எழுவதால் அருகிற் பீடி பற்றவைத்தலாகாது.

யாவும் சரியாயிருந்தும் மார்கழியில் விளக்கு நள்ளிரவோடு நின்றுவிடுமாயின் கணக்கையே பார்க்கவேண்டும். 10 வாற்று விளக்கு 10 மணி நேரம் எரிந்தால் 100 வாற்றுமணி. 12 வோல்ற்று 8 அம்பியர்மணித் தெளிகருவிப் பற்றரியை நிரப்ப இன்னும் ஏறக்குறைய அவ்வளவு. 50 வாற்றுத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 170 வாற்றுமணி அளவிலேயே தரும். கார்முகில் மூடிய நாளில் அதில் நாலிலொரு பங்கும் கிடைப்பது அரிது. மழைநாளில் தெளிகருவிக்கு வேலையுமில்லை. ஆகையால் அந்நாட்களில் மின்னை விளக்குக்கே வைத்துக்கொண்டு, பெரிய விளக்குக்குப் பதிலாக 3 வாற்று விளக்கொன்றை எரியவிட்டு, யானை வரும் திசைக்கு மட்டும் கைவிளக்கைப் பாய்ச்சலாம்.

பழுதுபார்த்த பின் மீண்டும் இணைக்கும்போது முதலிற் பற்றரியையும், அதன் பின்னரே தகட்டையும் கட்டுப்படுத்தியில் இணைக்கவேண்டும். கழற்றும்போது தகடு முதலில். வரிசை மாறினாற் கட்டுப்படுத்தி கெடக்கூடும். இறந்த பற்றரியை உடைத்தல், அதன் அமிலத்தை வரம்பிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல், சிறுவர் கைக்கெட்ட வைத்தல் ஆகியவை கூடா, ஈயம் நஞ்சு. நிறைக்கு வாங்கும் கடைகளில் அதனை முழுதாகக் கொடுத்தாற் புதியதன் விலையில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும்.