தோமையார் வழக்கும் சாட்சியமும்

கூடுவாஞ்சேரியிலிருந்து பட்டணத்துக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் போகிறவர்களில் பரங்கிமலையை நிமிர்ந்து பார்க்கிறவர் சிலரே. சென்ற வாரம் நாம் ஏறிய வண்டியில் அம்மலையே இரண்டு கனவான்களுக்குள் கலகம் மூட்டிவிட்டது. "இயேசுவின் சீடரான தோமையாரைப் பிராமணர்கள் ஈட்டியால் குத்திக் கொன்ற மலை அது" என்றார் ஒருவர். "தோமையாராவது, வந்ததாவது! கபாலீசுவரர் கோயிலை இடித்த பறங்கியர் கட்டிய கதை" என்றார் மற்றவர். பல்லாவரத்தில் குரல்கள் உயர்ந்தன. பழவந்தாங்கலில் கைகளும் உயர்ந்துவிடும் போலிருந்தது. இருவரும் சரித்திரத்தின் பெயரால் பேசினார்கள். ஆகவே சரித்திரம் என்ன சொல்கிறதென்று பார்ப்பது நமது கடமையாகிறது.

தோமையார் இந்தியாவுக்கு வந்ததாக விரித்துரைக்கும் மிகப் பழைய நூல் 'தோமையார் நடபடிகள்' என்பது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிரியா தேசத்து மொழியில் எழுந்தது. அற்புதங்கள் மலிந்த நூல். அதில் வரும் கொண்டபோரஸ் என்ற இந்திய மன்னன் பெயரை வேறெங்கும் காணாத ஐரோப்பியப் பண்டிதர் பலர், மன்னனும் கற்பனையே என்று நெடுங்காலம் தள்ளி வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அம்மன்னன் பெயர் பொறித்த நாணயங்கள் அகப்பட்டன. தக்த்-இ-பாஹி கல்வெட்டும் அவன் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அவன் கி.பி. முதல் நூற்றாண்டில் வடமேற்கு எல்லையில் ஆண்டவன் என்பது இன்று ஐயத்துக்கிடமில்லாத விஷயம்.

சந்தேகிகளுக்கு இது ஒரு பாடந்தான். ஆனால் உடனே, "மன்னன் மெய், ஆகவே தோமையார் வந்ததும் மெய், மயிலையில் மாண்டதும் மெய்" என்று தாவுகிறவர்களை நாம் பின்பற்ற முடியாது. நாணயம் மன்னனுக்குச் சாட்சி, விருந்தாளிக்குச் சாட்சியன்று. அந்நூலில் மயிலாப்பூர் என்ற பெயரே கிடையாது.

மரண விஷயத்தில் சாட்சிகளின் வாக்குமூலங்கள் இன்னும் விபரீதமானவை. பழைய நூலின்படி, ஓர் அரசன் ஆணையால் போர்வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்ததோ, மயில் வேட்டையாடிய ஒருவனது அம்பு தவறிப் பட்டது என்பது. பிராமணர்கள் மலையில் கொன்றார்கள் என்ற கதை போர்த்துக்கீசியர் காலத்திலேதான் வலுப்பெறுகிறது. கொலை வழக்கில் இப்படி மூன்று வாக்குமூலங்கள் வந்தால், எந்த நியாயாதிபதி பிராமணரைக் குற்றவாளி என்பார்?

மலையில் ஒரு கற்சிலுவை உண்டு. 1547-ல் அஸ்திவாரம் தோண்டும்போது அகப்பட்டது, சுற்றிலும் எழுத்துகள். எழுத்து விளங்காத போர்த்துக்கீசியர் பிராமணர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வோர் எழுத்திலும் பல சொற்களைக் கண்டு, தோமையார் சரித்திரம் முழுவதையும் வாசித்துக் கொடுத்துவிட்டார்! அவர்மீது மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். பதிலை உள்ளேயே வைத்துக் கேட்கும் கேள்விக்குச் சாட்சி வேறென்ன சொல்வான்? தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த பர்னல் துரை, 1873-ல் அவை பாரசீகத்துப் பஹ்லவி எழுத்துகள் என்று விளக்கினார். சிறிய வாசகம், தோமையார் பேச்சே அதில் இல்லை. பறங்கியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகக் கிறிஸ்தவர்கள் இக்கரையில் தொழுதார்கள் என்பதற்கு அக்கல் நல்ல சாட்சி. கிறிஸ்தவம் பறங்கியர் மூட்டையில் வந்தது என்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, இரண்டாவது கனவான் விஷயம். அவர் சைவர் என்று நெற்றி சொல்லிற்று. மயிலையிலேயே சம்பந்தர் பதிகம் பாடி, எலும்பாய்க் கிடந்த பூம்பாவையை உயிர்ப்பித்தார் என்பது நமது ஐதீகம். அதற்கு ருஜு கேட்டால் அவர் என்ன செய்வார்? அப்பதிகத்தில் சரித்திரக்காரன் எடுத்துக் கொள்வது வேறொன்று: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று 7-ஆம் நூற்றாண்டு மயிலையின் விழாக்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. எதையும் நிரூபிக்க வேண்டுமென்ற எண்ணமின்றிப் போகிற போக்கில் சொன்னதாலேயே அவை நம்பத் தகுந்தவை. நியாயஸ்தலத்தில் நாம் கண்ட அனுபவமும் இதுவே. சாட்சி கட்சிக்காரனுக்காக அழுத்திச் சொன்னது குறுக்கு விசாரணையில் உதிர்ந்துவிடும். அறியாமல் சொன்ன அற்ப விவரம் நிற்கும்.

கோயில் கடலோரத்தில் இருந்ததென்பதற்குப் பாடல்கள் சாட்சி; சாந்தோம் பகுதியில் கிடைத்த கோயில் கல்வெட்டுத் துண்டுகளும் துணை நிற்கின்றன. ஆனால் இடித்த கை யாருடையது, எந்த ஆண்டு என்பதை அத்துண்டுகள் பேசவில்லை. பறங்கியர்மீது சந்தேகம் வலுவானதே. ஆயினும் நமக்குச் சாதகமான சந்தேகத்தை ருஜுவாக ஏற்றுக் கொண்டு, பிறர் சந்தேகத்தை மட்டும் தள்ளுவது நேர்மையாகாது. அப்படியே ருஜுவானாலும், அது 16-ஆம் நூற்றாண்டு அந்நியன் செய்த காரியம். இன்று சாந்தோமில் மெழுகுவத்தி ஏற்றும் மீனவப் பெண்மணிக்கு அதில் என்ன பங்கு?

அப்பெண்மணியிடம் அவள் நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. மாசி மகத்தில் கடலாடுகிறவரிடமும் அப்படியே. ஒரு ஜாதியின்மீது கொலைப்பழியும், ஒரு மதத்தார்மீது இடிப்புப்பழியும் சுமத்துகிறவர்களிடந்தான் நாம் கேட்கிறோம். மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இப்பழிகளைப் பரப்புவோர், அடுத்த கூட்டத்துக்கு முன் தங்கள் ஆதாரங்களை வெளியிடட்டும். இரு தரப்பாருக்கும் இப்பக்கத்தில் இடம் தருவோம்.