ஆபீஸ் விஷயம் அம்பலம் ஏறலாமா?

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். பிறந்த நாளன்று கூட வேலை செய்கிறவர்கள் கேக் வாங்கி வந்து வெட்டச் சொல்லிப் படமும் எடுத்தார்கள். அன்று மாலையே அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். இதில் என்ன தப்பு என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் கேட்டேன்.

தப்பு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது! சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில், எந்த வாடிக்கைக்காரருக்கு என்ன விலை என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்த ஒரு வாடிக்கைக்காரர், மறுநாள் காலையிலேயே டெலிபோனில் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு ஒரு விலையா?"

அரை மணி நேரத்தில் மானேஜரிடமிருந்து மெமோ வந்தது. ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று எழுதித் தர வேண்டுமாம். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்னும் நிரந்தரமாகாத உத்தியோகம். வீட்டுக்கு வந்த பெண் சாப்பிடவே இல்லை. "படம் போடக் கூடாது என்று யாருமே சொல்லவில்லையே, மாமி!" என்று என்னிடம் வந்து அழுதாள்.

அவள் கேட்டது நியாயம்தான். காபி குடிக்க எத்தனை நிமிஷம், செருப்பை எங்கே விடுவது என்பதற்கெல்லாம் அங்கே விதி உண்டு. எல்லார் கையிலும் இருக்கிற போனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கிருந்தோ பிரதி செய்த பதினான்கு பக்க ஆங்கிலச் சட்டம் ஒன்று இரவோடிரவாகத் தயாராயிற்று. கம்பெனியைப் பற்றி நல்லதோ கெட்டதோ, எவரும் எங்கும் எதுவும் எழுதக் கூடாது! எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். படித்தவர் யார் என்கிறீர்கள்? பிரதி செய்தவர்கூடப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ உத்தியோகம் பார்க்கலாம், நீங்களே பார்க்கலாம். அல்லது பத்துப் பேரை வைத்துத் தையற்கடையோ, சமையல் காண்டிராக்டோ நடத்துகிற முதலாளியம்மாவாக இருக்கலாம். யாராயிருந்தாலும் இந்த விவகாரம் உங்களுக்கும் உண்டு.

ஐ.பி.எம். என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு இந்தச் சங்கடம் வெகு நாள் முன்பே வந்தது. ஊழியர்கள் இணையத்தில் தங்கள் பெயரில் எழுத ஆரம்பித்திருந்த காலம். 2005-ல் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுதுகிற ஊழியர்களையே அழைத்து, பலரும் திருத்தக்கூடிய ஒரு பொது ஏட்டில் விதிகளை எழுதச் செய்தார்கள். சொந்தப் பெயரில் எழுது, எழுதியதற்கு நீயே பொறுப்பு, இது என் அபிப்பிராயம், கம்பெனியின் அபிப்பிராயமல்ல என்று சொல்லிவிடு, வாடிக்கைக்காரரின் பெயரை அவர் சம்மதமில்லாமல் இழுக்காதே என்கிற மாதிரி விதிகள். தான் எழுதிய விதியை மீற யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் அல்லவா?

'ரகசியம் காக்க வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் போதாது. எது ரகசியம்? விலைப்பட்டியலா, சமையற்கட்டின் மசாலாக் கணக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளியின் முகமா? பெயர் சொல்லி எழுத வேண்டும். அமெரிக்காவில் தொழிலாளர் உறவு வாரியத்தின் தலைமை வக்கீல், 2012-ல் கம்பெனிகளின் இப்படிப்பட்ட விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு அலசினார். சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரிமையை அங்கே 1935-ம் வருஷத்துச் சட்டமே கொடுத்திருக்கிறது. மொட்டையான விதி அந்தப் பேச்சையும் சேர்த்து அடைத்துவிடும் என்றார் அவர். உதாரணம் காட்டி விளக்கிய விதி செல்லும் என்றார். பிறகு அந்த வாரியத்தின் அளவுகோல் இரண்டொரு தடவை மாறியிருக்கிறது. ஆனாலும் யோசனை நல்ல யோசனை.

சின்ன வியாபாரம் நடத்துகிறவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் வேறு ஒன்று. கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் வேண்டும் என்கிறோம். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி தன் போனில், தன் நம்பரில், தன் ஈமெயிலில் தொடங்கித் தருகிறாள். இரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்துவிடுகிறார்கள். திடீரென்று அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி வெளியூர் போகிறாள். பக்கமும் கூடவே போய்விடுகிறது! அவள்மேல் கோபித்து என்ன பயன்? கடையின் பக்கம் கடையின் நம்பரில், கடையின் ஈமெயிலில் இருக்க வேண்டும். சாவி இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். வேலை விட்டுப் போகிறவர் கல்லாச் சாவியோடு இதையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

அதே கணக்கு மறுபக்கமும் உண்டு. ஊழியரின் சொந்தப் பக்கத்தின் கடவுச்சொல்லை முதலாளி கேட்கக் கூடாது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2012-லேயே இதைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டது. நம் ஊரில் அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. 'என்னை நண்பராகச் சேர்த்துக்கொள்' என்று கேட்கிற மேலதிகாரிகள்தான் ஜாஸ்தி. அதற்கு 'மாட்டேன்' என்று சொன்னால் உத்தியோகத்துக்குப் பங்கமில்லை என்று விதியிலேயே எழுதிவிடுவது பெண்களுக்கு எவ்வளவோ நிம்மதி.

ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவை மறந்துவிடாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அசட்டுத்தனமான ஒரு 'ஜோக்' வருகிறது. ஆபீஸ் முடிந்த பிறகு வந்ததுதானே என்று தள்ளிவிட முடியாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவைத் தடுக்க 2013-ல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒரு பெண்ணின் தலைமையில் புகார்க் கமிட்டி இருக்க வேண்டும். புகாரின் விவரத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே ஆபீஸ் விதியில் 'வெளியே எழுதாதே' என்று மட்டும் போட்டால் அது வாய்ப்பூட்டு. 'இன்னாரிடம் போய்ச் சொல்' என்று கமிட்டியின் பெயரையும் சேர்த்துப் போட்டால்தான் அது விதி.

அரசியல் எழுதலாமா என்று கேட்பீர்கள். திரிபுராவில் அரசாங்க உத்தியோகத்திலிருந்த ஓர் அம்மாளை, ஓய்வு பெறச் சில நாட்களே இருக்கும்போது, 2018-ல் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அரசியல் கூட்டத்துக்குப் போனதும் பேஸ்புக்கில் எழுதியதும் குற்றமாம். ஒரு ஜன்மம் முழுக்க உழைத்தவரின் ஓய்வூதியம் அந்தரத்தில் தொங்கியது. 2020 ஜனவரியில் அந்த மாநில ஹைகோர்ட் குற்றச்சாட்டை ரத்து செய்தது. நடத்தை விதிகளுக்கு உட்பட வேண்டியவர்தான் என்றாலும், அரசாங்க ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு என்றது. தனியார் கம்பெனிக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே நியமனக் கடிதத்தில் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது பெரிய விஷயம். சேரும் அன்றே அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்கலாம், வெட்கமில்லை.

எதிர் வீட்டுப் பெண்ணின் கதையை நடுவில் விட்டுவிட்டேனே! படத்தை உடனே எடுத்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். விதியே இல்லாதபோது தண்டனை எப்படி என்று யாரோ பெரியவர் சொல்லியிருக்கிறார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பதினான்கு பக்கச் சட்டத்தை யாராலும் கட்டிக்கொண்டு மாரடிக்க முடியாமல், மானேஜர் இவளையும் இன்னும் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தமிழில் ஒரே பக்கமாக எழுதச் சொன்னாராம். முதல் வரி அவளுடையது: 'படம் எடுக்கும் முன் பின்னால் பார்.'

வெள்ளைப் பலகைக்கு இப்போது ஒரு திரை போட்டிருக்கிறார்கள். போன வாரம் அதைத் தைத்துக் கொடுத்தது நான்தான்.