வள்ளத்தைத் தேடினால் வள்ளுவரும் வருவார்

1990இல் யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான மயிலிட்டி போரால் இடம்பெயர்ந்தது. இராணுவத்திடமிருந்து துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலை 3இல். இடையில் அந்த ஊர் பெரும்பாலும் பேச்சிலும் எழுத்திலும்தான் இருந்தது. அந்த எழுத்துகளில், ஊர் மலர்களும் நினைவுக் குறிப்புகளுமாக ஓராயிரத்தைத் தட்டச்சுச் செய்து மடிக்கணினியில் சேர்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ‘வள்ளம்’ எத்தனை இடத்தில் வருகிறது?

ஒரு சொல்லுக்கென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தே எண்ணலாம். இவ்வளவு சின்னத் தொகுப்புக்குக் கணினி சலிக்காது. எல்லாச் சொற்களுக்கும் கணக்குக் கேட்டால்தான் சிக்கல். அப்போது ஒரே தடவை வாசித்து, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆவணத்தில் எங்கே வருகிறது என்று பதிந்துவிட வேண்டும். புலவர்கள் கையால் செய்த சொல்லடைவுதான் இது. புதிய ஆவணம் வந்தால் அதன் சொற்களை மட்டும் கூட்டினால் போதும். பழையதைத் திருத்தினால் முதலில் அதன் கணக்கைக் கழிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வேலைக்கு எஸ்.கியூ.லைட் என்ற இலவசத் தரவுத்தளமே தாராளம். அதன் எஃப்.ரி.எஸ்-5 பகுதி அடைவைத் தானே கட்டும். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில், மொத்தம் எத்தனை தடவை என்றும் சொல்லும்.

ஆனால் தமிழை அப்படியே கொடுத்தால் ‘மயிலிட்டி’யை அது ‘மய’, ‘ல’, ‘ட’, ‘ட’ என்று நறுக்கிவிடும். எழுத்தும் இலக்கமும் மட்டுமே சொல்லின் பாகம் என்பது அதன் இயல்பு விதி. யூனிகோடிலோ நமது உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகையில் இருக்கின்றன. அட்டவணையை உருவாக்கும்போதே எம்.என்., எம்.சி. என்ற அந்த இரு வகைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் ஊர் முழுதாகக் கிடைக்கும். ‘கொ’வின் குறியை ஒன்றாகவும் தட்டலாம், இரண்டு துண்டாகவும் தட்டலாம், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆகவே பதியுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றுவது அவசியம்.

அடுத்தது வேற்றுமை. ‘மயிலிட்டி’ என்று தொடங்கும் எல்லாம் தா என்றால் மயிலிட்டியில், மயிலிட்டிக்கு எல்லாம் அகப்படும். வள்ளம் அப்படியல்ல. வள்ளத்தில், வள்ளங்கள் இரண்டையும் பிடிக்க ‘வள்ள’ வரை குறைத்தால், குறியைத் தரவுத்தளம் தனியாகப் பார்ப்பதால், வள்ளியும் வள்ளுவரும் கூடவே வருவார்கள். விகுதி களையும் நிரல்கள் உண்டு, அவையும் சறுக்கும். சிறு தொகுப்புக்குக் கையே மேல். சொற்பட்டியலை அகரவரிசையில் அடுக்குங்கள்; ஒரே சொல்லின் வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றுக்கு எதிரே வேர்ச்சொல்லைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். மூல வடிவத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.