குளோரின் சோதனையில் 'பூஜ்யம்'... மீன் தொட்டியில் ஊற்றலாமா?

குழாய்த் தண்ணீரைச் சோதித்தீர்கள். குளோரின் 'பூஜ்யம்'. உடனே மீன் தொட்டியில் ஊற்றிடாதீங்க!

ஏன்?

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைத் தடுப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. குளோரினைவிட நீண்ட நேரம் நீடிக்கும். அதனால் வீடு வரை தண்ணீர் பாதுகாப்பாக வந்துசேரும்.

எப்படிச் சோதிப்பது?

தண்ணீரில் சோதனை மாத்திரையைக் கரைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் அடர்த்தியானால் அளவு அதிகம். 'தனிக் குளோரின்' சோதனை குளோரமினைக் கணக்கில் சேர்க்காது. 'மொத்தக் குளோரின்' சோதனைதான் சரி.

நாம் குடிக்கலாமா?

தாராளமாக! லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மீனுக்கு?

ஆபத்து. செவுள் வழியே நேராக ரத்தத்தில் கலந்துவிடும். வாளியில் ஓர் இரவு வைத்தாலும் போகாது. குளோரமினையும் நீக்கும் மருந்தைக் கலந்தபிறகே ஊற்றுங்கள்.