கொட்டும் மழையிலும் பறவை ஏன் தொப்பலாக நனைவதில்லை?

மார்ச் மாதத்து இங்கிலாந்து. ஓக் காடு இன்னும் துளிர்க்கவில்லை. மழைக்கு ஒதுங்க ஓர் இலைகூட இல்லை. குடை பிடித்தும் நம் கால்சட்டை நனைந்துவிடுகிறது. மொட்டைக் கிளையில் ராபின் பறவை தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. சுமார் 20 கிராம் உடம்பு. நனைந்து குளிராதா அதற்கு?

கீற்றுக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கீற்றின் மேல் கீற்று படிந்திருப்பதால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இறகுகளின் அடுக்கும் அப்படித்தான்.

ஆனால் கீற்றில் இல்லாத ஒரு வித்தை இறகில் உண்டு. கீழே கிடக்கும் இறகு ஒன்றை எடுத்து விரலால் கலைத்துவிடுங்கள். பிறகு மெல்ல நீவுங்கள். பிரிந்த இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும்! ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். பக்கத்து இழையைக் கவ்விக்கொள்கின்றன. இடுக்குகளில் காற்று தங்குகிறது. அதனால் நீர்த்துளி உள்ளே புக முடியாமல் மேலேயே உருண்டு நிற்கும். பறவைகள் ஓயாமல் அலகால் கோதுவது வெறும் அழகுக்காக அல்ல, கொக்கிகளை மாட்டவும்தான். வாலடிச் சுரப்பியின் எண்ணெயையும் அப்போதே பூசிக்கொள்கின்றன. இறகு வறண்டு முறியாது.

கனமழையில் கவனியுங்கள்: பல பறவைகள் இறகை உடம்போடு ஒட்டவைத்து நிமிர்ந்து உட்காரும். தண்ணீர் சட்டென்று வழிந்துவிடும்.

நீர்க்காகம் வேறு ரகம். அதன் இறகின் வெளிப்பகுதி நனையும். முங்கி மீன் பிடிக்க அதுவே வசதி. கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்க வேண்டியதுதான்.