சுனாமியில் ஊரைக் காப்பாற்றிய ஒலிபெருக்கி!
ஒரே இணைப்பை எடுத்து வீடு முழுவதும் 'வைபை'யில் பங்கு போடுவது இன்று கோவில்பட்டி வட்டாரத்திலும் சகஜம்.

இதையே ஊர் ஊராகச் செய்தார்கள், புதுச்சேரி பக்கம்! 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரில் மையம் அமைத்தது. அங்கு வந்த தகவல், கம்பியில்லாத் தொடர்பு மூலம் கிராமங்களுக்குப் போனது. மீனவர் ஊர்களில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு வாலிபர், சுனாமி சேதி அறிந்து வீட்டுக்குப் போன் போட்டார். தகவல் மைய ஒலிபெருக்கி அலறியது. ஊரே ஓட்டம் பிடித்தது. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள்.

கரிசல்காட்டில் கடல் இல்லை. ஆனால் மழையை நம்பித்தானே விதைப்பு? மழை சேதி ஒருத்தர் செல்போனோட நின்னா போதுமா? ஊர் காதுல விழ வேண்டாமா?